'உதவி' என்றொரு சொல்

முதுகலைத் தமிழ் முதலாமாண்டு மாணவிகளை ஒவ்வோர் ஆண்டும் முட்டுக்காட்டுத் தட்சிணசித்ராவுக்கு அழைத்துப் போவேன். பண்பாட்டியல் தாளுக்குக் களப்பயணம் தேவை என்று துறைக்கு எழுதிக் கொடுப்பேன். கொட்டிவாக்கத்தில் என் வீட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே போய்விடலாம் என்ற சோம்பேறிக் காரணமும் உண்டு. அங்கே நிற்கும் வீடுகள் எனக்குப் பிடிக்கும் என்பதுதான் முதல் காரணம். செட்டிநாட்டு வீடு, புதுப்பள்ளி சிரியன் கிறித்தவர் வீடு, இல்கல் நெசவாளர் வீடு, போச்சம்பள்ளி இக்கத் நெசவாளர் வீடு. இடிபடவிருந்த பழைய வீடுகள் பலவற்றைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். 1984இல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனைத் தொடங்கிய டெபோரா தியாகராஜனின் முயற்சி அது. வளாகத்தின் அமைப்புக்கு லாரி பேக்கர் அடித்தளம் போட்டார். 1996இல் திறந்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீட்டின் முன் நின்று மாணவிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். குழு குழுவாகப் பிரிந்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தவர்கள் பன்னிரண்டு பேர். நான் சொன்னது இதுதான்: "வீடும் பட்டறையும் ஒண்ணுதான். குடும்பத் தலைவர் தறிக்குழியில உட்கார்ந்து நெய்வார். வீட்டுப் பெண்கள் அவருக்கு உதவுவாங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அதிகம் பேசாத பெண். "மேம், எங்கம்மா உதவி பண்ணல. வேலை செஞ்சாங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. காஞ்சிபுரம் பக்கத்துத் தறிக்காரக் குடும்பத்துப் பெண் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

அன்று நாங்கள் அந்த வீட்டை விட்டு நகர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்தப் பெண்தான் பேசினாள். சாயம் போட்டு வந்த பட்டு நூலைச் சிக்கெடுத்து ராட்டையில் சுற்றுவது அம்மா. ஊடைக்குத் தார் சுற்றுவது அம்மாவும் பாட்டியும். பழைய பாவு முடிந்து புதுப் பாவு ஏறும்போது ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக, விரல் நுனியில் சாம்பல் தொட்டு, பழையதோடு முறுக்கிப் புணைப்பது அம்மாவும் அத்தையும். புணைக்கிற நாட்களில் வீட்டில் மின்விசிறி ஓடாது. சமையல் பெயருக்கு ஒரு ரசம். இதெல்லாம் தறி ஓடுவதற்கு முன்னால். தறி ஓடும்போது கோர்வை.

காஞ்சிபுரத்துப் பட்டின் பெருமையே கோர்வைதான் என்பார்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு, ஆக மூன்று நாடாக்கள். ஒவ்வோர் ஊடைக்கும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். கயிற்றை இழுத்தால் பறக்கும் நாடாவை வைத்து இதைச் செய்ய முடியாது. கையால்தான் எறிய வேண்டும். ஒருவரால் முடியாது, நெய்பவருக்குப் பக்கத்தில், கரையோரமாக, இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இன்னொருவர் மனைவி, இல்லையென்றால் மகள். நெடுங்காலம் சிறுமிகளும் சிறுவர்களும்தான். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. நான் மேடையிலும் வகுப்பிலும் கட்டிக்கொண்டு நிற்கும் சேலைகளில் எத்தனை அப்படி ஒரு கரையோரக் கையிலிருந்து வந்தன என்று எனக்குத் தெரிய வழியில்லை. சேலையைப் பார்த்து எந்த ஊடையை யார் எறிந்தார் என்று கண்டுபிடிக்க முடியாது. அப்படிக் கண்டுபிடிக்க முடியாதபடி இருந்தால்தான் அது நல்ல கோர்வை.

அன்றிலிருந்து 'உதவி' என்ற சொல்லைத் துரத்திக்கொண்டிருக்கிறேன். அது என் வாயில் எப்படி ஏறியது?

தமிழ் படித்தவள் என்பதால் முதலில் சங்கப் பாட்டுக்குத்தான் போனேன். அங்கே நூற்பவள் இருக்கிறாள். பருத்திப் பெண்டு என்றே அவளுக்குப் பெயர். நற்றிணையிலும் புறநானூற்றிலும் வருகிறாள். ஆண் துணையற்றவள், கைம்பெண் என்று உரைகாரர்கள் அவளை அடையாளம் காட்டுகிறார்கள். புறநானூற்று 326ஆம் பாட்டில் இரவில் எழுந்து பருத்தியின் குப்பையைப் புடைத்து நீக்குகிறாள். காட்டுப்பூனைக்குப் பயந்து கத்தும் பெட்டைக்கோழி, அவள் ஏற்றிய சின்ன விளக்கின் வெளிச்சத்தில் தன் சேவலைப் பார்த்து அமைதியடைகிறது. அழகான காட்சி, எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சேவலின் நெற்றிச் சிவப்புக்கூட அந்த வெளிச்சத்தில் தெரிகிறது. விளக்கேற்றியவளின் முகம் தெரியவில்லை. நானும் அதைக் கவனித்ததில்லை. அவள் ஏன் தூங்கவில்லை, அந்த நூலுக்கு என்ன கிடைத்தது, யார் வாங்கினார்கள் என்று எந்த மாணவியும் கேட்டதில்லை, கேட்கும்படி நானும் பாடம் நடத்தியதில்லை.

இந்தப் பெண் தமிழ் வரலாற்றில் இரண்டாயிரம் ஆண்டு நூற்றுக்கொண்டே இருந்தாள். சோழர் காலத்து நெசவாளர் பற்றிக் கல்வெட்டு உண்டு. கைக்கோளர், சாலியர் பற்றி விஜயா ராமஸ்வாமி 1985இல் வெளியிட்ட நூல் இன்றும் எங்களுக்கு வழிகாட்டி. நூற்றவர்களுக்கு அப்படிக் கல்லில் வெட்டிய இடம் கிடையாது. ஆனால் எண்ணிப் பார்த்தால், ஒரு தறிக்கு வேண்டிய நூலைக் கையால் நூற்கப் பல பெண்கள் தேவை. துணி ஏற்றுமதிக்குப் பேர்போன இந்தக் கடற்கரையில் நெசவாளரைவிட நூற்பவர்தான் எண்ணிக்கையில் பெரிய கூட்டம். அவர்களில் பலர் வயல்வேலை செய்த சாதிகளின் பெண்கள். வயலில் வேலையில்லாத மாதங்களில் ராட்டை.

சென்னைக்காரர்கள் தினமும் கடக்கும் ஓர் இடத்தில் இதற்குச் சான்று இருக்கிறது. 1734இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட், கூவம் வளையும் இடத்தில் சுங்குராமனின் தோட்டமாக இருந்த நிலத்தில் ஒரு நெசவுக் குடியிருப்பை ஏற்படுத்தினார். சின்னத் தறிப் பேட்டை. இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. யாரைக் குடியமர்த்துவது என்று கம்பெனி தீர்மானித்தபோது நெசவாளரோடு நூற்பவர், துணியில் சித்திரம் எழுதுபவர், வெளுப்பவர் எல்லோரையும் சேர்த்துக்கொண்டது. வியாபாரிக்குத் தெரிந்திருந்தது: நூற்பவள் இல்லாமல் தறி ஓடாது. கம்பெனி கணக்குப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியவில்லை என்பதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஊரின் பெயரில் நின்றது தறி மட்டும், ராட்டை நிற்கவில்லை.

அடுத்த நூற்றாண்டில் லங்காஷயர் நூல் வந்தது. இந்திய நெசவாளரின் வீழ்ச்சி பற்றி நாம் எல்லோரும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அந்தக் கதையில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆலை நூல் மலிவாக வந்ததும் நெசவாளர்களில் கணிசமானோர் அதை வாங்கி நெய்து எப்படியோ பிழைத்துக்கொண்டார்கள். இன்றுவரை கைத்தறி இருக்கிறது என்றால் அதனால்தான். முழுதாக அழிந்தது கைநூற்பு. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் ஆலை வைத்தபோது, கையால் நூற்றுச் சந்தையில் விற்றுப் பிழைப்பது ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்தது. போனது பெண்களின் வருமானம், அதிலும் நிலமில்லாத பெண்களின், துணையில்லாத பெண்களின் வருமானம். யாரையும் கேட்காமல் மாலையில் கொஞ்சம் காசு பார்க்க இருந்த ஒரு வழி அடைபட்டது. அதைப் பற்றி நாம் ஒப்பாரி வைக்கவே இல்லை. நெசவாளன் எலும்பு வெளுத்த கதைதான் மேடையில் எடுபட்டது.

காந்தி ராட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். 1925இல் அகில இந்திய நூற்போர் சங்கம்; தமிழ்நாட்டில் திருப்பூர் கதர் மையமானது. ஆனால் பத்து ஆண்டுகள் கழித்து, 1935இல், நூற்பவளுக்கு வயிற்றுக்குப் போதுமான கூலியாவது தர வேண்டும் என்று அவரே தன் சங்கத்தோடு மன்றாட வேண்டியிருந்தது. கூலியை ஏற்றினால் கதர் விலை ஏறும், விற்காது என்று காதிக்காரர்கள் தயங்கினார்கள். தேசத்தின் சின்னமாகக் கொடியில் ஏறிய பொருளைச் சுற்றிய கைக்குக் கொடுக்க அணா கணக்குப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவளாவேன். கைவினையின் நவீன வரலாற்றில் பெண்களின் பெயர் இல்லாமல் இல்லை; நிறையவே இருக்கிறது. 1952இல் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தின் தலைமையேற்ற கமலாதேவி சட்டோபாத்யாய, புபுல் ஜெயகர், என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் தறிகள் போட்ட ருக்மிணி தேவி, செட்டிநாட்டுக் கொட்டான் பின்னலை மீட்டெடுத்த விசாலாட்சி ராமசாமி, முட்டுக்காட்டில் டெபோரா தியாகராஜன். இவர்கள் இல்லாவிட்டால் நான் மாணவிகளைக் கூட்டிப் போக ஓர் இடமே இருந்திருக்காது. ஆனால் பட்டியலைப் பாருங்கள். மீட்டவர்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. செய்தவர்களில் ஆணுக்குப் பெயர் இருக்கிறது. 1965 முதல் தேசிய விருதுகள் வருகின்றன, அவற்றைப் பெரும்பாலும் குடும்பத்தின் தலைவரே வாங்கினார். செய்த பெண்ணுக்கு ஊர்ப்பெயர்தான்: காஞ்சிப்பட்டு, பத்தமடைப்பாய்.

பத்தமடையையே எடுத்துக்கொள்ளலாம். தாமிரபரணிக் கோரையைத் தலைமுடி அளவுக்குக் கிழித்து நெய்த பாய், மடித்தால் துணிபோல மடியும். 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்கு அது போனதாகத் திருநெல்வேலிக்காரர்கள் சொல்லாமல் விடமாட்டார்கள். நெய்கிறவர்களில் பெரும்பாலோர் லெப்பை முஸ்லிம் குடும்பப் பெண்கள். யாரோ ஒருத்தி கண்ணைச் சுருக்கிக்கொண்டு மாதக்கணக்கில் கோத்த பாய் அரண்மனைக்குப் போயிருக்கிறது. அந்த ஒருத்தி யார் என்று எந்தச் சிற்றேட்டிலும் நான் பார்த்ததில்லை.

தட்சிணசித்ராவில் குயவர் வீடும் உண்டு. சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க மாணவிகள் வரிசையில் நிற்பார்கள். ஆளுக்கொரு கோணல் சட்டி செய்து கொண்டுவருவார்கள். அங்கே நின்றுகொண்டு அந்தப் பன்னிரண்டு பேருக்கும் நான் ஒரு கணக்கைத் தீர்த்துவைத்தேன். நாட்டில் பல இடங்களில் குயவர் வீட்டுப் பெண் சக்கரத்தைத் தொடக்கூடாது என்று விலக்கு உண்டு. மண்ணைச் சலிப்பாள், மிதிப்பாள், தட்டுவாள், சூளைக்கு அடுக்குவாள், கூடையில் சுமந்து விற்பாள். சக்கரம் மட்டும் அவனுடையது. ஆனால் நம் சங்க இலக்கியத்தில் பெயர் தெரிந்த குயவர் யார்? வெண்ணிக் குயத்தியார், ஒரு பெண். ஈமத்தாழி வனையச் சொல்லிப் புறநானூறு விளிக்கும் ஆண் குயவருக்குப் பெயர் இல்லை. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனுக்கு முன்னாலேயே, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று பாடியவள் அவள். அவள் வனைந்தாளா, மண் மட்டும் மிதித்தாளா என்று பாட்டு சொல்லவில்லை. பெயர் நின்றது சொல்லால்.

மண்ணாலும் ஒரு பெயர் நின்றிருக்கிறது. மானாமதுரையில் கடம் செய்கிறார்கள். சக்கரத்திலிருந்து எடுத்த பானை கடமாகாது. ஈரம் காயக் காய, உள்ளே கல்லை அணைத்துக்கொண்டு வெளியே பலகையால் ஆயிரக்கணக்கான முறை தட்டித் தட்டிச் சுவரைச் சீராக்கினால்தான் நாதம் வரும். அந்தத் தட்டுகிற வேலை பெண்ணுடையது, அதாவது 'உதவி'. மீனாட்சி கேசவன் அதைச் செய்துகொண்டிருந்தவர். சங்கீத நாடக அகாதமி இசைக்கருவி செய்பவருக்கான விருதை அவருக்குக் கொடுத்தது. சபையில் கடத்தின் நாதத்தைத் தீர்மானிப்பது அவர் தட்டிய தட்டு என்று ஒருவழியாக யாருக்கோ காது கேட்டிருக்கிறது.

இந்தத் தேடலில் நான் எதிர்பாராமல் போய்ச் சேர்ந்த இடம் மெக்சிகோ. வழி சைதாப்பேட்டையில் இருந்தது. 1780களின் பிற்பகுதியில் சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சனுக்கு ஒரு சிவப்புச் சாயத்தின் மேல் மோகம் வந்தது. சப்பாத்திக்கள்ளியின் மேல் வளரும் கொச்சினீல் என்ற பூச்சியை உலர்த்தி அரைத்தால் கிடைக்கும் சிவப்பு. ஸ்பெயின் அதை ஏகபோகமாக விற்றுக் கொழித்துக்கொண்டிருந்தது. ஆண்டர்சன் எழுதிய கடிதங்களின் விளைவாகச் சைதாப்பேட்டையில், அடையாற்றுப் பாலத்துப் பக்கம், கம்பெனியின் கள்ளித் தோட்டம் ஒன்று எழுந்தது. 1795இல் பூச்சியும் ஒருவழியாக இந்தியா வந்தது; வந்தது காட்டு வகை, சாயம் மட்டம். திட்டம் படுத்துவிட்டது. நல்ல பூச்சி இருந்த இடம் ஓஹாகா. அதை வளர்த்தவர்கள் சபோடெக், மிஷ்டெக் பழங்குடிக் குடும்பங்கள். ஸ்பானிய அதிகாரிகள் அவர்களுக்கு முன்பணம் கொடுத்துச் சாயத்தால் திருப்பி வாங்கினார்கள். நம் நெசவாளருக்குக் கம்பெனி கொடுத்த அதே மாதிரி முன்பணம்.

ஓஹாகாவில் தியோதித்லான் தெல் வாயே என்று ஒரு சபோடெக் நெசவு ஊர் இருக்கிறது. நான் போனதில்லை. அந்த ஊர்ப் பெண்களைப் பற்றி மானுடவியலாளர் லின் ஸ்டீஃபன் 1991இல் எழுதிய 'சபோடெக் விமன்' என்ற நூலைப் படித்தேன். பிறகு கண்ணில் பட்ட பயணக் குறிப்புகளையெல்லாம் படித்தேன். சுற்றுலாப் பேருந்து வீட்டு வாசலில் நிற்கும். முற்றத்தில் வரவேற்பு. ஒருவர் கம்பளி நூலைச் சிக்கெடுத்துக் காட்டுவார், நூற்றுக் காட்டுவார். உலர்ந்த கொச்சினீலை உள்ளங்கையில் நசுக்கிச் சிவப்பைக் காட்டி, எலுமிச்சைச் சாற்றை ஒரு சொட்டு விடுவார், சிவப்பு ஆரஞ்சாகும். கூட்டம் கைதட்டும். பிறகு தறி. பிறகு கம்பளங்களை விரித்துப் போடுவார்கள், பேரம். வழிகாட்டியோடு கைவினைஞரைப் பார்க்கப் போவது என்பது அங்கே ஊரின் வாழ்வாதாரம்.

அந்த ஊரின் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஸ்பானியர் வருமுன் அந்த நாட்டில் நெசவு பெண்ணுடையது. ஒரு முனையைக் கம்பத்திலும் மறுமுனையை இடுப்பிலும் கட்டிக்கொண்டு நெய்யும் இடுப்புத் தறி. சுருட்டித் தூக்கிக்கொண்டு போய்விடலாம். ஸ்பானியர் ஆட்டுக் கம்பளியையும் மிதிதறியையும் கொண்டுவந்தார்கள். பெரிய தறி, விற்பனைக்கான நீளத் துணி. அது ஆணுக்குப் போனது. பெண் கம்பளியைக் கழுவினாள், சிக்கெடுத்தாள், நூற்றாள். அதாவது உதவினாள். இது அப்படியே இருந்திருக்கும். 1942 முதல் 1964 வரை அமெரிக்கப் பண்ணைகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாக மெக்சிகோ ஆண்கள் போனார்கள், தியோதித்லானிலிருந்தும் போனார்கள். காலியான தறியில் மனைவியும் மகளும் உட்கார்ந்தார்கள். பெண்ணின் காலுக்கு மிதி எட்டாது, பெண்ணுக்கு இவ்வளவு பலம் கிடையாது என்ற பேச்செல்லாம் என்ன ஆனது என்று தெரியவில்லை, மிதி எட்டியது. 1980களிலிருந்து பெண்கள் தங்களுக்கெனக் கூட்டுறவுகளைத் தொடங்கினார்கள். வியாபாரியை விட்டுவிட்டுத் தாங்களே விற்பதற்காக. 'வீதா நுவேவா' (புது வாழ்வு என்று பொருள்) என்ற குழுவில் கைம்பெண்களும் மணமாகாதவர்களும் கணவன் வடக்கே போய்விட்டவர்களும் இருந்தார்கள். ஏறத்தாழ நம் பருத்திப் பெண்டுகளின் பட்டியல்.

அதே ஓஹாகாவின் இன்னோர் ஊரான சான் பார்த்தோலோ கோயோதெபெக்கில் களிமண். அங்கே சக்கரம் கிடையாது. கவிழ்த்த தட்டின் மேல் இன்னொரு தட்டை வைத்துக் கையால் திருப்பிக்கொண்டே வனைவார்கள். 1950களில் டோன்யா ரோசா என்ற ரோசா ரியால், பானை முழுதாகக் காயுமுன் கல்லால் தேய்த்து மெருகேற்றி, சூட்டைக் குறைத்துச் சுட்டால் சாம்பல் நிறப் பானை பளபளக்கும் கருப்பாகும் என்று கண்டார். அப்படிச் சுட்ட பானையில் தண்ணீர் நிற்காது. ஆனால் உலகம் முழுக்க விற்றது. 1980இல் இறந்துபோனார். பட்டறைக்கு இன்றும் அவர் பெயர்தான். சக்கரம் இல்லாத ஊரில் குயத்தியின் பெயர் வாசலில் நிற்கிறது. இதை ஒரு விதியாக நீட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. அசாமில் தறி பெண்ணுடையதுதான், அதனால் அங்கே பெண் செழித்துவிட்டாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் கருவி பெரிதாகி, முதல் தேவைப்பட்டு, சந்தை தூரத்துக்குப் போகும்போதெல்லாம் அது ஆண் கைக்கு மாறுவதும், பழைய வேலை 'உதவி' ஆகிவிடுவதும் இரண்டு கண்டங்களிலும் நடந்திருக்கிறது.

நாம் காட்டும் விதத்திலும் கொஞ்சம் இருக்கிறது. 1886இல் லண்டனில் நடந்த காலனிய இந்தியக் கண்காட்சியில் இந்தியக் கைவினைஞர்களை உட்காரவைத்து வேலை செய்யவைத்தார்கள். விக்டோரியா ராணி வந்து பார்த்தார். தலைமுறை தலைமுறையாக வந்த கிராமத்துக் கலைஞர்கள் என்று கூட்டம் நினைத்தது. அவர்கள் ஆக்ரா சிறையிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள். பலர் சிறையில்தான் தொழிலைக் கற்றவர்கள். பார்க்க வருகிறவருக்குப் பிடிக்கும் படம் ஒன்று முன்கூட்டியே இருக்கிறது, அதற்குள் ஆளை உட்காரவைக்கிறோம். தறியில் ஓர் ஆண், பின்னணியில் ராட்டையோடு ஒரு பெண் என்ற படத்தை நான் எத்தனை ஆண்டு என் மாணவிகளுக்கு விற்றேன்.

அரசும் அதே படத்தை வைத்துத்தான் எண்ணுகிறது. 2019–20 நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலாளர் 35.22 லட்சம், அவர்களில் 72 சதவீதத்துக்கு மேல் பெண்கள். பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த 35 லட்சத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்: நெசவாளர் 26.73 லட்சம், துணைத் தொழிலாளர் 8.48 லட்சம். வடகிழக்கில் பெண்களே தறியில் உட்காருவதால் மொத்தம் அப்படி வருகிறது. காஞ்சிபுரத்தில் தார் சுற்றிப் பாவு புணைப்பவள் 'துணை'. கோர்வைக்கு உட்காருகிறவளை எந்தக் கட்டத்தில் போடுவது என்பது கணக்கெடுக்க வருகிறவரின் கையில். வாசலில் நின்று "நெசவாளர் யாரும்மா?" என்று அவர் கேட்டால் அவளே உள்ளே திரும்பிக் கணவனைக் கூப்பிடுவாள். எங்கள் கொட்டிவாக்கம் குப்பத்திலும் இதுதான். கடலுக்குப் போகிறவர் மீனவர். வந்த மீனை ஏலத்தில் எடுத்து, கூடையில் சுமந்து, தெருத்தெருவாக விற்றுப் பணமாக்குகிறவள் மீனவர் மனைவி.

அந்த மாணவி படிப்பு முடிந்து போகும்போது, "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க மேம்" என்றாள். போனேன். தெரு முழுக்கத் தறி ஓசை இருக்கும் என்று நினைத்திருந்தேன். மூன்று வீட்டில்தான் கேட்டது. அவள் அப்பா தறிக்குழியில் இருந்தார், அம்மா பக்கத்தில். அரக்கு உடல், பச்சைக் கரை. நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. அவர் நாடா வந்து சேருமுன் அம்மாவின் கை அங்கே இருந்தது. இடையில் அடுப்பில் குக்கர் கத்தியபோது அம்மா எழுந்து போனார். தறி நின்றது. அப்பா கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவ வந்தாதான் மேடம்."

சாப்பிடும்போது கேட்டேன். சங்க உறுப்பினர் அட்டை அப்பா பெயரில். கூலி அப்பா கணக்கில். நலவாரிய அட்டையும் அப்படியே. அம்மாவுக்கு முப்பது ஆண்டுத் தொழில். ஒரு காகிதம் இல்லை.

"நீங்களும் உறுப்பினராச் சேரலாம் இல்லையா அக்கா?"

"ஒரு தறிக்கு ஒரு பேருதான் மேடம். ரெண்டு பேரு எழுதினா ரெண்டு கூலியா தரப் போறாங்க?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "இவ சொன்னா, நீங்க புஸ்தகத்துல எழுதுவீங்களாமே. எழுதுங்க. என் பேரைப் போட்டுடாதீங்க. சங்கத்துல யாராவது படிச்சா இவரைக் கேள்வி கேப்பாங்க."

பெயரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அந்தப் பெயரை நான் இங்கே எழுத முடியவில்லை.

கிளம்பும் முன், "உட்கார்ந்து பாக்குறீங்களா?" என்று தன் இடத்தைக் காட்டினார். உட்கார்ந்தேன். அப்பா முகத்தில் கொஞ்சம் கவலை தெரிந்தது. பட்டு விலை அப்படி. பச்சை நூல் நாடாவை என் கையில் கொடுத்து, அரக்கு நூல் வந்ததும் அதைக் கோத்து எறியச் சொன்னார் அம்மா. முதல் முறை பாதியில் நின்றது. இரண்டாம் முறை போய்ச் சேர்ந்தது, ஆனால் நூல் தொங்கியது. அம்மா எட்டி விரலால் அதை இழுத்துச் சரிசெய்தார். மூன்றாவது முறை இழை அறுந்தது.

"எழுந்திருங்க மேடம்" என்றார் அம்மா. அறுந்த இரண்டு முனைகளையும் எடுத்து, பக்கத்துக் கொட்டாங்குச்சியில் இருந்த சாம்பலைத் தொட்டு, என்னைப் பார்க்காமலே முறுக்க ஆரம்பித்தார்.